அலமாரிக்கு வெளியே நின்றவள்

பிப்ரவரி 3, திங்கள்

இரண்டாம் வகுப்புக்கு ஞாபக நேரம் ஆரம்பித்தாயிற்று. தினமும் கடைசி வகுப்பு. வீட்டில் நடந்த, நன்றாக நினைவிருக்கிற ஒன்றை ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். நான் அதை அட்டையில் எழுதி, அடியில் பெயர் போட்டுச் சுவரில் ஒட்டுவேன். ஒரே ஒரு விதி: யாருக்கு நடந்ததோ அவர்தான் சொல்லலாம். இல்லாவிட்டால் டிவியில் பார்த்ததையெல்லாம் அவிழ்த்து விடுவார்கள்.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "பாதிப் பேருக்குக் கழித்தலே வரல, நீங்க கதை கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்றார். மாதக் கடைசியில் பெற்றோர் வருகிற நாள் வரைக்கும்தான் அனுமதி. அன்றைக்குச் சுவரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். பார்க்கட்டுமே.

பிப்ரவரி 5, புதன்

எல்லாம் பல் விழுந்த கதைகளாகவே வருகின்றன. சுவரே பொக்கை வாயாகிவிடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

இரட்டையரில் பெரியவள் இன்று வகுப்பையே சிரிக்க வைத்தாள். (சில நிமிஷம் முந்திப் பிறந்ததற்கே தங்கை தன்னை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பாள். தங்கை கூப்பிடுவதாக இல்லை.) குடும்பத்தோடு கட்டில் வாங்கப் போன கடையில், ஒளிந்து விளையாடுகிறேன் பேர்வழி என்று ஒரு அலமாரிக்குள் புகுந்து தூங்கிவிட்டாளாம். கடையே தலைகீழாகிவிட்டதாம். கடைசியில் கடைக்காரர் கதவைத் திறந்தபோது இவள் குறட்டை. "அலமாரி வாங்கினா பொண்ணு இலவசமா?" என்று கேட்டாராம் அப்பா. உள்ளே புது மரவாசனை, சாவித்துவாரத்தில் நூல் மாதிரி வெளிச்சம் – எல்லாம் சொன்னாள்.

அட்டையை நான் கையில் எடுக்கும் முன்பே சின்னவள் எழுந்து நின்றாள். "டீச்சர், அது நான்! நான்தான் உள்ள தூங்கினேன்!"

அதே மரவாசனை. அதே வெளிச்சம். "பொய் சொல்றா!" "நீதான் பொய்!" இரண்டு பேரும் ஓவென்று அழுகை. ஏழு வயதுப் பொய்யை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். கண் விட்டத்துக்குப் போகும். இவர்கள் இருவரும் என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்கள். யார் பெயரைப் போடுவேன்?

பிப்ரவரி 10, திங்கள்

வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். காலையிலேயே இரட்டையரின் அம்மா வந்து நின்றார். சலவைக் கடையில் வேலை, போகிற வழியில் அவசரமாக ஏறி வந்திருக்கிறார்.

"அன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே கவுன் டீச்சர். புள்ள கெடச்சாப் போதும்னு இருந்தேன், யாருன்னு பாக்கவா தோணும்? நான் சின்னவங்கறேன், அவங்கப்பா பெரியவங்கறார். இப்ப எங்களுக்குள்ளயே பேச்சு இல்ல."

நன்றாயிருக்கிறது. வகுப்பில் இருந்த சண்டையைப் பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சின்னவள் தனி இடம் கேட்டாள். பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து பெரியவளை ஒட்டியே உட்கார்ந்தவள். ஜன்னலோரம் போய் உட்கார்ந்து நாள் முழுக்க வாயே திறக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

சின்னவள் வரவில்லை. வயிற்றுவலியாம். எனக்குத் தெரியாதா அந்த வயிற்றுவலி.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "ரெண்டு பேர் பேரையும் போட்டுடு, விஷயம் முடிஞ்சுது" என்றார் காபியை உறிஞ்சிக்கொண்டே. அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய், எங்கள் கல்யாணத்தன்று மழையில் கார் நின்றுபோனதற்கு வந்தது. "சேறு தெறிக்கத் தெறிக்க நான்தானே தள்ளினேன்!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காரில் இவர் எங்கே இருந்தார்? கல்யாணப் பெண் நான் உள்ளே. தள்ளியது என் அண்ணன். வருஷக்கணக்காக நான் சொல்லிச் சொல்லி இவர் மேலேயே சேறு தெறித்துவிட்டது!

"அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

யோசித்தார். சிரிப்பு போய்விட்டது. "மண்டபத்து வாசல்ல. எல்லாரும் உள்ள வான்னு கூப்பிடறாங்க. நீ மனசு மாறிட்டியோன்னு எனக்குப் பயம். நனைஞ்சிட்டே நின்னேன்."

இத்தனை வருஷத்தில் இதை இவர் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லையே! மனசு ஒரு மாதிரி இளகிப்போய் இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கூடிவிட்டது, ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

சின்னவள் வந்துவிட்டாள். இன்று யாரும் கதை சொல்ல வேண்டாம் என்றேன். படம் வரைய வேண்டும் – எங்கே நின்று பார்த்தீர்களோ, அங்கிருந்து தெரிந்த மாதிரி.

பெரியவள் தாள் முழுக்கக் கறுப்பைத் தேய்த்து, நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தாள். சின்னவள் தாளில் மூடிய அலமாரி. அதைச் சுற்றிக் கால்கள், கால்கள். ஒரு காலில் மட்டும் பச்சைச் செருப்பு.

"யார் செருப்பு இது?"

"அம்மாவோடது. ஓடறப்ப ஒண்ணு கழண்டுடுச்சு." சொல்லிவிட்டுப் படத்தையே பார்த்தாள். "உள்ள இருந்தா இது தெரியாதுல்ல டீச்சர்?"

அவள் உதடு பிதுங்கியது. "அப்ப எனக்குக் கதையே இல்லியா?"

கீழே உட்கார்ந்து அவளை இழுத்துக்கொண்டேன். "வெளிய என்னடா கண்ணு நடந்துச்சு? அதைச் சொல்லு."

"அதை யாரும் கேக்கமாட்டாங்க. அதுல சிரிப்பே வராது."

மெதுவாக வந்தது. அம்மா இவள் கையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஒரு பெரிய கண்ணாடி முன்னால் இவள் தனியே நின்றாள். பெரியவள் எங்கே இருக்கிறாள் என்று இவளுக்குத் தெரியும். ஆனால் சொல்லாதே என்று அவள் சொல்லியிருந்தாளே! அம்மா அழ ஆரம்பித்ததும் பயந்துபோய் அலமாரியைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. கடைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்து, அலமாரியைக் காட்டியிருக்கிறாள். "அப்புறம் எல்லாரும் அவளைத்தான் தூக்கினாங்க."

பெரியவள் எப்போது வந்து பின்னால் நின்றாளோ தெரியவில்லை. "நீயா காட்டிக் கொடுத்த?"

அடுத்த சண்டை என்று நினைத்தேன்.

"நல்லவேளைடி! இல்லன்னா அலமாரியோட என்னையும் சேத்து வித்திருப்பாங்க!"

சின்னவளுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

பழையபடி ஒரே பெஞ்சு, ஒரே அரட்டை. அதட்டக்கூட மனசு வரவில்லை. என் விதியைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். இப்போது கேள்வி ஒன்றுதான்: அப்போ நீ எங்கே நின்றாய்? பல் கதைகளெல்லாம் மாறிவிட்டன. நூலைக் கட்டி இழுத்த அண்ணன் வருகிறான், பார்க்கப் பயந்து கட்டிலுக்கு அடியில் போன தங்கை வருகிறாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

பெற்றோர் வந்து போனார்கள். கால் கடுக்கிறது, ஆனாலும் சந்தோஷம். தலைமையாசிரியை சுவர் முழுக்கப் படித்தார். "அடுத்த மாசமும் நடக்கட்டும். கழித்தலை விட்டுடாதீங்க" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிசு.

இரட்டையரின் அப்பா உள்ளே இருந்தவளின் அட்டையை உரக்கப் படித்து, தன் இலவசப் பெண் ஜோக்குக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா பக்கத்து அட்டைக்குப் போனார். வெளியே நின்றவளுடையது. படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார்.

"நான் கையை விட்டேனா டீச்சர்?" என்றார் மெல்ல. "எனக்கு அது நெனப்பே இல்ல."

அதன்பிறகு சின்னவளின் கையைப் பிடித்தவர்தான். அவளோடு வகுப்பெல்லாம் சுற்றினார், இடது கையால் டீ குடித்தார், வருகைப் பதிவில் இடது கையாலேயே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். சின்னவள் கையை உருவப் பார்த்தாள்.

"வேர்க்குதும்மா, விடு."

"வேர்த்தா வேர்க்கட்டும்" என்றார்.