ஸுலைஹாவின் நாவலும் என் பொய்யும்

பலாபத்வல
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சாம்பவிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீயும் மருமகனும் என் பேரன் ஹரிசனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய், சிரி. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், குரல் பதிவு அனுப்பலாம் என்றால் அப்பா பக்கத்தில் வந்து நின்று திருத்தம் சொல்வார், அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன். இங்கே மூன்று நாளாக மழை, காயப்போட்ட மிளகை அள்ளுவதும் பரப்புவதுமாக இடுப்பு முறிகிறது. குரங்குகள் பலாக்காய் ஒன்றுவிடாமல் கடித்துப் போட்டுவிட்டன. உங்கள் பேர்கன் நகரத்தில் வருடம் முழுக்க மழையாம், பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு, நீயும் வேலைக்குப் போகும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு ஓடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸுலைஹா டீச்சரின் நாவலைப் பற்றிக் குடும்பக் குழுவில் நீ எழுதியதை வாசித்தேன். அச்சுக்குப் போக முன்னமே அவள் உனக்கு அனுப்பினாளாம், நீ இரண்டு தரம் வாசித்தாயாம், ஒன்பதாம் அத்தியாயத்தில் அழுதாயாம், கிருஷ்ணம்மா என்று ஒரு பெண் நம் பக்கத்தில் வாழ்ந்ததே இதுவரை உனக்குத் தெரியாதாம். அந்தக் கடைசி வரியை வாசித்துப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குசினிக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு முழுத் தேங்காயைத் திருவினேன். எத்தனை நாள் சாப்பாட்டு மேசையில் கிருஷ்ணம்மாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீயும் தலையாட்டினாயே, அது எனக்கு ஆட்டிய தலை இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்குப் பொறாமைதான் மகள். அதற்கு நாகரிகமாக வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. அறுபத்து நாலு வயதில் வயிறு எரிகிறது, எரிகிறது என்றே எழுதுகிறேன்.

கிருஷ்ணம்மாவை ஸுலைஹா சொல்லித் தெரிந்துகொண்டாய், இப்போது நான் சொல்வதையும் கேள். அறுபதுகளில், பிரஜாவுரிமை கிடைக்குமா கிடைக்காதா, இங்கே இருப்பதா இந்தியாவுக்குப் போவதா என்று தோட்டத்துச் சனங்கள் காகிதமும் கையுமாக அலைந்த காலத்தில், விடியற்காலையில் றப்பர் பால் வெட்டிவிட்டுப் பகலில் நகரத்துக்கு வந்து, அலுவலக வாசல் மரத்தடியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர். பள்ளிக்கூடம் போகாமல் தானாக எழுத்துப் படித்தவர். அந்த அலுவலகத்தில்தான் என் அப்பா கிளாக்கர். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது ஒன்பது பத்து வயதில் நான் கிருஷ்ணம்மாவை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஸுலைஹா கண்டாளா? அவள் அப்போது கைக்குழந்தை. பதினொரு வருடமாக அவரைப் பற்றி நாவல் எழுதக் குறிப்புச் சேர்த்தேன், ஏழு தடித்த சீ.ஆர். கொப்பி நிறைய. பல்லேகமவுக்கு பஸ் மாறி மாறிப் போய் பென்சன் எடுத்த பதிவாளரைக் கண்டேன், பழைய கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கக்காரர், தபால் மாஸ்டர் என்று எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் விடவில்லை. முதல் அத்தியாயத்தைப் பதினான்கு தரம் எழுதினேன், கிருஷ்ணம்மா பிறக்கிற இடத்தைத் தாண்டவில்லை. ஸுலைஹாவோ கணக்குப் படிப்பித்தவள், பதினெட்டு வருடம் ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் மேசை, லீவுக் கடிதம் எழுதினாலும் என்னிடம் காட்டித் திருத்தினவள். பென்சன் எடுத்து ஒரு வருடத்தில், போனிலேயே தட்டித் தட்டி முழு நாவலையும் முடித்துவிட்டாள்.

புத்தகத்தோடு வீட்டுக்கு வந்து, “டீச்சர், நீங்கதான் நயவுரை பேசணும், நீங்க வராட்டி நான் வெளியீடே வைக்க மாட்டேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சரி என்றேன், மனதில் வேறு கணக்கு. பென்சிலை எடுத்துக்கொண்டு பிழை பிடிக்க உட்கார்ந்தேன். கிருஷ்ணம்மா நெடுநெடுவென்று உயரமாம், பொய், குள்ளம். மிளகு பழுக்கிற மாதம் பிழை. இப்படிப் பதினொரு பிழையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்தேன், மேடையில் சிரித்த முகத்தோடு ஒவ்வொன்றாக எடுத்து விடலாம் என்று. பிறகு ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தேன். அதிகாரி மனுவைக் கிழித்து எறிகிறார், கிருஷ்ணம்மா துண்டுகளைப் பொறுக்கித் தன் மதியச் சோற்றாலேயே ஒட்டி, காய வைத்து, திரும்ப அவர் மேசையில் வைக்கிறார். நீ அழுத இடம். சாம்பவி, அது நான் எழுதியது. தொண்ணூற்று நாலில் பள்ளிக்கூட ஆண்டு மலருக்குக் கிருஷ்ணம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன், முடிவு அமையவில்லை, அச்சகத்துக்காரர் அவசரப்படுத்தினார், நான் உட்கார்ந்த இடத்தில் அந்தக் காட்சியை உண்டாக்கி, நடந்த சம்பவம் என்று போட்டுவிட்டேன். போன வருடம் ஸுலைஹா வந்து அந்த மலரைக் கேட்டபோது பெருமையோடு தூக்கிக் கொடுத்தேன், அந்தக் காட்சி மட்டும் என் சொந்தச் சரக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது, அவளுடைய புத்தகத்தில் சிறந்த இடம் என்னுடையது என்று. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

விழா அன்று முதல் பிரதி வாங்க சீகிரியாவிலிருந்து ஒருவரை அழைத்திருந்தாள். கிருஷ்ணம்மாவின் ஒரே மகன் அழகமுத்து, எழுபது தாண்டியவர், ஹோட்டல் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். பதினொரு வருடத்தில் அவரைத் தேடி நான் ஒரு தரமும் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று யாரோ சொன்னார்கள், அவரிடம் என்ன இருக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். விளக்கேற்ற இன்னும் நேரமிருந்தது, முன் வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெதுவாக என் பக்கம் திரும்பி, “டீச்சர், அந்த டீச்சரம்மா போன மாசம் போன்ல அந்தக் காகிதம் ஒட்டுற எடத்த வாசிச்சுக் காட்டுனாங்க. எங்கம்மா எங்கிட்ட அதச் சொன்னதே இல்லீங்க. ஊர்ல யார் யாருக்கோ சொல்லியிருக்காங்க, பெத்த புள்ளகிட்ட மட்டும் ஏன் மறைச்சாங்கன்னு ஒரு மாசமா சோறு எறங்கல” என்றார். அவரிடம் உண்மையைச் சொன்னால் நான் பொய்க்காரி, மண்டபம் முழுக்க என் மாணவிகள். அதோடு ஸுலைஹாவின் நல்ல அத்தியாயமும் விழுந்துவிடும், அது விழ வேண்டும் என்று எனக்குள் ஒருத்தி காத்திருந்தாளே, நான் உண்மைக்காகச் சொல்கிறேனா வயிற்றெரிச்சலில் சொல்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஐயா, அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அது நான் எழுதிய பொய் என்று சொல்லிவிட்டேன். “அப்ப எங்கிட்ட மறைக்கலதானே” என்றார். துவாயால் முகத்தைத் துடைத்தார், பிறகு சிரித்தார். “எங்கம்மா கிழிஞ்சத எதுக்குங்க ஒட்டணும்? கார்பன் வச்சில்ல எழுதுவாங்க. ஒன்னு கிழிஞ்சா இன்னொன்னு இருக்கும். எல்லாம் என் வீட்ல தகரப் பெட்டில கெடக்கு” என்றார். பதினொரு வருடம், ஏழு கொப்பி, மகள்! நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மேடையில் அந்தப் பிழைப் பட்டியலை நான் வெளியே எடுக்கவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை என்று மட்டும் சொன்னேன், சனங்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள், அவமானமாக இருந்தது. எல்லோரும் போன பிறகு ஸுலைஹாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று பார்த்தால், பொன்னாடையை மடித்துக்கொண்டே, “டீச்சர், நீங்க மலர்ல உண்மைன்னு எழுதினீங்க, அது பொய்தான். நான் நாவல்லதானே எழுதிருக்கேன், முன்னுரையிலேயே கற்பனை கலந்ததுன்னு போட்டிருக்கேன். உங்களுக்கு நன்றியும் போட்டிருக்கேனே, பாக்கலியா?” என்றாள். முன்னுரையை நான் வாசிக்கவேயில்லை. அவளுக்கு ஒரு பாவமும் இல்லை, முழுவதும் எனக்குத்தான். தகரத்தைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். சொல்வேன், இப்போது இல்லை.

போன புதன்கிழமை அழகமுத்துவைத் தேடி சீகிரியாவுக்குப் போனேன். தம்புள்ளையில் பஸ் மாறி இறங்க, அவருடைய மகன் த்ரீவீலோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். அந்த மகனும் சிங்களத்தில்தான் படித்தவர், பேரப்பிள்ளைகளும் சிங்கள மொழியில் படிக்கிறார்கள், தகரத்தில் இருப்பதை இத்தனை வருடம் வாசித்துச் சொல்ல ஆளில்லை. ஸுலைஹா டீச்சரையும் கூட்டி வரவா என்று வாய்க்கு மட்டும் கேட்டேன். “வேணாங்க, அவங்க ரொம்ப அழகா வாசிக்கிறாங்க, எனக்கு எங்கம்மா குரல் மறந்துருது. நீங்க வாசிங்க, உங்களுக்கு அவ்வளவு அழகா வராதுபோல” என்றார். சந்தோஷப்படுவதா ரோஷப்படுவதா தெரியாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ஊதா நிறத்தில் மங்கிய எழுத்து, ஒவ்வொரு தாளிலும் யாரோ ஒருவரின் குடும்பம், பிள்ளைகளின் பெயர், வயது, எந்தத் தோட்டத்தில் பிறந்தது என்று வரிசையாக. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஊர்ப் புள்ளைங்க பேரெல்லாம் எழுதுனாங்க டீச்சர், எனக்கு ஒரு ஆனா ஆவன்னா போட்டுக்காட்ட அவங்களுக்கு நேரமில்ல. அந்தச் சனங்க மேல எனக்கு இன்னும் ஆத்திரந்தான்” என்றார். அந்த ஆத்திரம் எனக்கு நன்றாகவே தெரியும். பிறகு கேட்டார், “எங்க குடும்பத்துக்கும் ஒன்னு எழுதியிருப்பாங்கல்ல, அதுல என் பேர எப்பிடி எழுதியிருக்காங்கன்னு கேட்டுட்டாப் போதுங்க.”

அன்று நாற்பது தாள் வாசித்தேன், அவருடைய பெயர் வரவில்லை. அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் மற்றதையும் மளமளவென்று புரட்டினேன். அடியில் ஒரு கட்டு பூச்சி அரித்துப் பொடியாகிக் கிடந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை. இந்தப் புதன்கிழமை திரும்பப் போக வேண்டும். மிச்சத் தாள்களிலும் இல்லையென்றால், வேறு யாருடைய மனுவையோ கையில் பிடித்துக்கொண்டு, என் ஒரே மகன் அழகமுத்து என்று நானே வாசித்துவிடுவேன் போலிருக்கிறது. அவருக்கு எழுத்துத் தெரியாது, பிடிபடமாட்டேன். பதினொரு வருடம் கெஞ்சியும் வராத வரி, திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முழுதாக வந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கவும் வழியில்லை, இது உன் கைக்கு வருவதற்குள் எத்தனையோ புதன்கிழமை போயிருக்கும்.

இதையெல்லாம் குழுவில் போட்டுவிடாதே, அப்பாவுக்கும் தெரியாது. மருமகனைச் சுகம் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல், மனம் ஒத்து நீடூழி வாழ முத்துமாரி கூடவே இருப்பாள். ஹரிசனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்று போன தரமும் சொன்னாய். வேலையைச் சாட்டுச் சொல்லாமல், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முதலில் அவனுடைய பெயரை எழுதிக் காட்டு.

உன்மேல் உயிரான அம்மா
மீனாம்பிகை