எலக்ட்ரான் ஏன் உள்ள விழல, கோமதி?

எங் கோமதிக்கு,

நீ போயி நாலு மாசம் ஆச்சு. காச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வூட்டுக்கு வரல. நான் இன்னும் ஒரு தடவ கூட அழல. அதப் பாத்து ஊரு என்ன சொல்லுது தெரியுமா? "ஆளு நல்லா ஸ்டெடியா இருக்கான்"ங்குது.

ஸ்டெடின்னு கேட்டாலே நீ எடுத்த பிளஸ் டூ பாடந்தான் ஞாபகம் வருது. பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தவ திடீர்னு கேட்ட. "ஏங்க, அணுவுல எலக்ட்ரான கரு இழுத்துக்கிட்டே இருக்குது. அப்புறம் ஏன் அது உள்ள போயி விழல?"

"சுத்துதுல்ல புள்ள, அதான் விழல. நெலா விழுதா?"

செவப்புப் பேனாவால என் கையில முட்டை போட்ட. "டவர் ஏறி ஆன்டெனா மாட்டறவரு பேசற பேச்சா இது? மின்னூட்டம் ஆடுனா எனர்ஜி அலையா வெளிய போகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? அதுலதான சோறு திங்கறோம்! சுத்தற எலக்ட்ரானும் அப்படி எனர்ஜிய வுட்டா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கருவுல போயி விழுந்திருக்கணும். நீங்க, நானு, இந்தச் சேரு, எதுவுமே இருக்காது."

எம் மூஞ்சி போன போக்கப் பாத்து நீயே சொல்லிக் குடுத்த. எலக்ட்ரான் சுத்தற கோலிகுண்டு இல்ல, அலையாட்டம் பரவி நிக்கறது. அதோட எடத்தச் சுருக்குனா துள்ளல் ஏறும். கருவுகிட்ட நெருங்கறதால கொறையற எனர்ஜிய விட, துள்ளலால ஏறற எனர்ஜி அதிகமாயிரும். அதான் ஒரு அளவுக்கு மேல அணு சுருங்காது.

"அது கடைசிப் படிங்க. அதுக்குக் கீழ படியே இல்ல. எறங்க எடமில்லாதப்ப எனர்ஜிய எப்படி வுடும்?"

"பட்டியில அடைச்ச ஆட்டுக்குட்டி துள்ளறாப்பலயா?"

"குட்டி கோவத்துல துள்ளும். இதுக்கு அதெல்லாம் இல்ல, இதோட கொணமே அதான். அஞ்சுக்கு ரெண்டு மார்க்கு, போங்க."

இப்ப நம்ம நல்லம்பள்ளி வூட்ல நான் மட்டுந்தான். மொதல்ல நம்ம பாப்பாவ, பத்து நாளைக்குன்னு உன் தங்கச்சி வசந்தி இண்டூர்ல இருக்கற அவ வூட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. அப்புறம் கட்டில, அடுப்ப எல்லாம் கடைசி ரூமுக்கே இழுத்துக்கிட்டேன். ஹால்ல லைட்டு போடறதில்ல. அப்புறம் ஞாயித்துக்கிழம இண்டூர் போறதயும் நிறுத்திட்டேன். பாப்பா உன்னாட்டமே புருவத்தத் தூக்கிப் பாக்கறா. அத எப்படிப் பாக்கறது, சொல்லு?

நேத்து சித்தேரி மலையில டவர் மேல இருக்கேன், வசந்தி போன் பண்றா.

"மாமா, எல்.கே.ஜி. ஃபாரம் வந்திருச்சுங்க. பாப்பாவ இங்கயே சேத்துரட்டுமா? எங்க வூட்டு அட்ரஸே போட்டுக்கறேன்."

"சரிம்மா."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. அவ எனக்குப் பாரமில்ல. ஆனா மாமா... முன்னெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டா 'அப்பா'ன்னு வாசலுக்கு ஓடுவா. இப்ப ஓடறதில்லீங்க."

எவ்வளவு நேரம் அங்கயே நின்னேன்னு தெரியல. கீழ இருந்து கூட வேலை செய்யற பெரியசாமி அண்ணன் கத்தறாரு. "ஏம்ப்பா, சிக்னல் வந்து அரை மணி நேரம் ஆச்சு. அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?"

எறங்கி வரப்பத்தான் உறைச்சுது. நான் அணு இல்ல கோமதி. அணுவுக்குக் கடைசிப் படின்னு ஒண்ணு இருக்குது, அது தானா நிக்குது. மனுசனுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. ஹாலு, ஞாயித்துக்கிழம, நேத்து அந்த 'சரிம்மா'ன்னு நான் எறங்கிக்கிட்டேதான் இருக்கேன். சத்தமில்லாம எறங்கறதப் பாத்துத்தான் ஸ்டெடிங்கறாங்க.

எனக்குச் சடை பின்ன வராது. காலங்காத்தால டவருக்குக் கூப்புட்டா பாப்பாவ யாருகிட்ட வுடறது? அம்மா எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?

ஆனா வசந்திக்கு இப்பத்தான் போன் போட்டேன். ஃபாரத்துல அட்ரஸ் எழுதாத, நான் வர்றேன்னேன். "என்னங்க மாமா திடீர்னு?"ன்னா. "அவளுக்கு வூடு இங்க இருக்குதும்மா"ன்னேன்.

நாளைக்கு ஹாலக் கழுவி வுட்டுட்டு கெளம்பறேன். பாப்பா என்னக் கண்டதும் வர மாட்டா, தெரியும். சித்தி முந்தானைக்குப் பின்னால போயி நிப்பா. இழுக்க மாட்டேன். கண்ண வேற பக்கம் திருப்பவும் மாட்டேன். அவளா வர்ற வரைக்கும் அங்க வாசல்லயே உக்காந்திருப்பேன். எத்தன ஞாயித்துக்கிழம ஆனாலும் சரி. இது உனக்குக் குடுக்கற வாக்கு.

எப்பவும்
உன் வூட்டுக்காரன்,
பாப்பாவோட அப்பன்