எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் சொல்லுவாய், அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் கேட்டால் "நல்லாயிருக்கேன்மா, வேலை ஜாஸ்தி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதற்கு மேல் எனக்கு வாய் எழும்புவதில்லை. எழுத்தில் என்றால் நீ நடுவில் வைத்துவிட முடியாது பார். எழுதி முடித்ததும் தம்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன், மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்ததும் அவனுக்கு அதுதான் முதல் வேலை. அவனும் படிப்பான், படிக்கட்டும், அவனுக்குத் தெரியாதது இதில் ஒன்றுமில்லை.

எனக்கு இருப்பே கொள்ளவில்லை பாப்பா. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. இந்த மூன்று வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை அடுப்படிக்குப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன், இன்றைக்கு அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் தையல்காரப் பெண் லீவு நாளிலும் மத்தியான நேரத்தில்தான் மிஷினை மிதிப்பேன் என்று வைராக்கியமாக இருக்கிறாள், தலைக்கு மேல் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது, போன லீவு நாளில்கூட அது என் காதில் விழவே இல்லை. அப்பா கூடத்தில் நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கிறார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது கம்பு இல்லாமல் கேட் வரைக்கும் நடக்கிறார், டாக்டர் பாராட்டினார் என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆகவே அப்பாவை நினைத்து நீ எதையும் மென்று முழுங்க வேண்டிய அவசியம் இல்லை. எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், அதற்குப் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படி, தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியில் போன வருஷம் வரைக்கும் ஒரு வகுப்புக்கு ஒரே டீச்சர்தான், மொழி, கணக்கு, அறிவியல், சமூகம், படம் வரைவது எல்லாம் அந்த ஒருத்தி தலையில்தான். நீயே மூன்றாம் வகுப்பில் என்னிடம்தானே படித்தாய், "வீட்டுலயும் நீ, இங்கயும் நீயா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அப்போதெல்லாம் எனக்கு ஒரு பஸ் கிடைத்தால் போதும், அன்றைய பாடம் முழுக்க அதில் ஏறிவிடும். காலையில் பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு படிப்போம், அடுத்து அதே பஸ்ஸில் ஏறினவர் எத்தனை பேர் இறங்கினவர் எத்தனை பேர் என்று கணக்கு, அப்புறம் சக்கரம் ஏன் உருண்டையாக இருக்கிறது, பள்ளியிலிருந்து உன் வீட்டுக்கு அந்த பஸ் எந்தெந்தத் தெரு வழியாகப் போகும், கடைசியில் பஸ்ஸைப் படமாக வரைந்துவிட்டு வீட்டுக்குப் போ. நீ டிரைவர் இடத்தில் என்னை வரைந்து மீசை வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா.

இந்த வருஷம் வந்த தலைமையாசிரியை அதை மாற்றிவிட்டார். நாங்கள் எங்களுக்குள் அவரை பெல் மேடம் என்போம், பொழுது விடிந்தால் பெல் பெல் என்றுதான் அவருக்குப் பேச்சு. இனி ஒரு பாடத்துக்கு ஒரு டீச்சர், பெல் அடித்தால் நாங்கள்தான் வகுப்பு வகுப்பாக ஓட வேண்டும், பிள்ளைகள் இருந்த இடத்தில் இருப்பார்கள். எனக்கு விழுந்தது கணக்கு. சாக்பீஸ் டப்பா, டஸ்டர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவள் மாதிரி வராந்தாவில் அலைகிறேன். ஒருநாள் பழக்க தோஷத்தில் கணக்கு வகுப்பில் பஸ் பாட்டை எடுத்தேன், மொழி டீச்சர் சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்து "டீச்சர், அந்த பஸ் என்னோடது" என்றாள். எனக்கு வந்ததே கோபம், பல்லைக் கடித்துக்கொண்டு "வெச்சுக்கோம்மா" என்றேன். ஆனால் ஒன்று, பெல் மேடம் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. ஒரே ஆள் எல்லாம் சொல்லிக்கொடுத்தால், டீச்சருக்குப் பிடிக்காத பாடம் பிள்ளைக்கும் பிடிக்காமல் போய்விடுகிறது என்றார். அறிவியல் எடுக்கும் வாத்தியார்ப் பையன் காந்தத்தையும் பூதக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தால் வகுப்பே எழுந்து நிற்கிறது, என் வகுப்பில் அறிவியலுக்கு யாரும் அப்படி எழுந்ததில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு கூடையைத் தூக்கினேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், பேர் என்னவோ ஒன்று, எல்லோரும் கூப்பிடுவது எறும்பு என்றுதான். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், சாக்பீஸ் எடுத்து வர யார் போகிறீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் பாதி வராந்தாவைத் தாண்டியிருப்பாள். போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நாலு பேரும் டப்பாவைத் திறந்துவிட்டு வழக்கம்போலப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஆரம்பித்தோம். மொழி டீச்சர் சொன்னாள், ஒரு பெண் தினமும் பென்சில் தொலைந்துவிட்டது என்கிறாள், சொல்வதெழுதுதலில் ஒரு வரி எழுதுவதில்லை, வர வர சோம்பேறி ஆகிவிட்டாள். அறிவியல் பையனும் எனக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்றான், இலையைப் பார்த்து வரையச் சொன்னால் கலர் பென்சில் வீட்டில் இருக்கிறது என்கிறாள், அவ்வளவு திமிர். விளையாட்டுக்கு இருக்கும் விசில்காரர், வாய் நிறையச் சாப்பாட்டோடு, என் பீரியடில் ஒரு குழந்தைக்குத் தினமும் வயிற்றுவலி வந்துவிடுகிறது, பெஞ்சை விட்டு நகராது என்றார். நான் மட்டும் பெருமையாக, உங்களுக்கெல்லாம் பிள்ளைகளை நடத்தத் தெரியவில்லை, என் வகுப்பில் எறும்பைப் பாருங்கள், நோட்டுக்கூட எடுக்காமல் "நான் வாயாலயே சொல்றேன் டீச்சர்" என்று மனக்கணக்கில் பிய்த்து உதறுகிறாள் என்றேன். மொழி டீச்சர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எறும்பா, நானும் அவளைத்தானே சொன்னேன் என்றாள். அறிவியல் பையனும் நானும்தான் என்றான். விசில்காரருக்குப் பேர் தெரியாது, உயரத்தைக் கையால் காட்டினார், அவளேதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடை சொல்ல அவள் தூக்குவது இடது கை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, அவள் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாலு பேரும் அந்த ஸ்வெட்டரைப் பார்த்திருக்கிறோம், நாலு பேரும் ஒரு பீரியட் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். டப்பாவை மூடிக் கையைக் கழுவிவிட்டு வகுப்புக்குப் போனேன். ஸ்வெட்டரை மேலே தள்ளினால் வலது மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்று இருக்கிறது. தொட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிரச் சத்தம் வரவில்லை. விசில்காரரும் நானும்தான் ஆட்டோவில் அழைத்துப் போனோம், எலும்பில் விரிசல், மாவுக்கட்டு போட்டார்கள். டாக்டர் கேட்டதற்கு வாயைத் திறக்காதவள் ஆட்டோவில் திரும்பி வரும்போது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு சொன்னாள். வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்திருக்கிறான், ராத்திரியெல்லாம் அழுகிறான், அவனுக்குத் துணி எடுக்க அலமாரி மேல் தட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏறி விழுந்திருக்கிறாள். ஏண்டி யாரிடமும் சொல்லவில்லை என்றேன். "அம்மாவுக்குத் தூக்கமே இல்ல டீச்சர், இதையும் சொன்னா பாவம் இல்லையா, அதான்" என்றாள். அதற்காக எங்கள் நாலு பேருக்கும் நாலு சாக்கு, ஒவ்வொரு சாக்கும் ஒரு பீரியடுக்குத் தாங்கும். ஒரே டீச்சரிடம் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் அந்தச் சாக்கு மத்தியானம் வரைகூடத் தாங்கியிருக்காது.

சொல்லி அனுப்பியதும் அவள் அம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடி வந்தாள், தலைகூட வாரவில்லை. மகளைத் திட்டப் போகிறாள் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவள் திட்டவில்லை, கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "நீ சொல்லாம இருந்தா நான் தூங்கிடுவேன்னு நெனச்சியாடி" என்று மட்டும் கேட்டாள். நான் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பெல் மேடத்திடம் நான் சண்டைக்கே போனேன், அவர் சண்டை போடவில்லை. பாடத்தைப் பிரித்தது இருக்கட்டும் டீச்சர், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இனிமேல் பாடத்தைப் பற்றிப் பேச வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையாகப் பேரைச் சொல்லி நாலு பேரும் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். நல்ல மனுஷிதான், பெல் பைத்தியம் ஒன்றைத் தவிர.

கதை முடிந்தது, இப்போது உன்னிடம் வருகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா கேட்டதே காதில் நின்றது. சாப்பிட உட்கார்ந்ததும் நான் அப்பாவையும் தம்பியையும் பிடித்துக்கொண்டேன். நம் வீட்டிலும் ஒரு ஸ்டாஃப் மீட்டிங், மாணவி நீ. பாப்பா உங்களிடம் என்ன சொன்னாள், ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள் என்றேன். அப்பா சொன்னார், ரொம்ப நல்லா இருக்கா, தினமும் காலையில் பூங்காவில் நடக்கிறாளாம், அந்த ஊர்க் குளிருக்குப் பத்து மணிக்குமேல் வெயில் சுகமா இருக்குதாம். வேலை நாளிலா என்றேன், அப்பா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். தம்பி சொன்னான், அக்கா சர்டிபிகேட் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள், காலேஜ் சர்டிபிகேட்டோடு பழைய கம்பெனியில் கொடுத்த அனுபவச் சான்றிதழும் வேண்டுமாம், ஆபீஸில் கேட்கிறார்களாம். என்னிடம் நீ சொன்னது, தலை தூக்க நேரமில்லை, கேமரா கெட்டுப்போயிருக்கிறது, அதனால் முகத்தைக் காட்ட முடியாது. அதோடு நீ சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் ஆபீஸில் அந்த நெட்டை மேனேஜரைத் திட்டாமல் நீ ஒரு போனையும் வைத்ததில்லை, இப்போது கொஞ்ச நாளாக அந்த ஆள் உன் பேச்சில் வருவதே இல்லை. நான் அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மனக்கணக்கில் தேறிவிட்டாள் என்று எறும்பை மெச்சிக்கொண்ட மாதிரி.

பாப்பா, உனக்கு வேலை போய்விட்டது, அப்படித்தானே. எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது. நான் கூட்டியது தப்பாக இருந்தால் வயிறு குலுங்கச் சிரி, எங்கம்மா கணக்கு டீச்சர் ஆனால் கூட்டல் வராது என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லு. விடை தப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு டீச்சர் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவையாக இருக்கும். சரியாக இருந்தாலும் உலகம் முடிந்துவிடவில்லை. வேலை போகாதவர்கள் யார். உன் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, பயம்தான், தெரியாத ஊரில் ஒரு அறையில் நீ தனியாக உட்கார்ந்து எங்களுக்கு ஆளுக்கு ஒரு சாக்கு யோசித்துக்கொண்டிருக்கிறாயே என்கிற பயம். அன்று விஷயம் புரிந்ததும் தம்பி எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டான். அப்பா அந்த ஆபரேஷன் காலோடு கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தார், உட்காருங்கள் என்றாலும் கேட்கவில்லை, கடைசியில் என்னிடம், "வரணும்னா வரட்டும், அங்கேயே வேற வேலை தேடணும்னா தேடட்டும், நம்மகிட்ட சொல்றதுக்கு என்ன" என்றார். ஆபரேஷன் நேரத்தில் எதற்கு இதையும் போட்டுக்கொண்டு என்று நீ மறைத்திருப்பாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் கால் தேறிவிட்டது, இனி அந்தச் சாக்கு செல்லாது.

பரீட்சை முடிந்து எனக்கு விடுமுறை வருகிறது, வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவேன், உன் அறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு மூலையில் முடங்கிக்கொள்வேன். வராதே என்றாலும் சரி, இங்கேயே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, பத்து மணி வெயிலில் நடப்பதை விடாதே, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நல்லதுதான். கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படு. எறும்பு இப்போது இடது கையால் பஸ் வரையக் கற்றுக்கொண்டுவிட்டாள், கோணல்மாணல்தான், ஆனாலும் ஓடும் போலத்தான் இருக்கிறது.

அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நல்லபடியாக இரு. ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பாவுக்குப் பூங்கா, தம்பிக்குச் சர்டிபிகேட், எனக்குக் கேமரா என்று பிரித்துக் கொடுக்காதே, மொத்தத்தையும் யாராவது ஒருத்தரிடம் சொல்லு. அது நானாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். இன்றைக்கு ராத்திரியே வீடியோவில் கூப்பிடு, முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அழுதுகொண்டே கூப்பிட்டாலும் சரி. நீ சொல்லாமல் இருந்தால் நான் தூங்கிவிடுவேன் என்று நினைத்தாயா.

இப்படிக்கு,
வீட்டிலும் அங்கேயும் உன் ஒரே டீச்சர்,
அம்மா