அல்வா தின்ற வாய்கள்

நேற்று மத்தியானம் முயல் ரத்தம் கொடுப்பதற்காக, நம் ஆராய்ச்சிச்சாலையில் கிருமி வளர்க்கும் அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் நெய் வாசனை அடித்தது. அந்த அறையில் கிருமியைக் கொல்லும் லைசால் நாற வேண்டும். வெந்த மாட்டிறைச்சிச் சாறு நாற வேண்டும். நம்மவர்களின் வேர்வை நாறினாலும் மன்னிக்கலாம். நெய் மணக்கக் கூடாது. மணந்தால் என்ன அர்த்தம் என்று உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எவரோ ஒருவர் அளவு பார்க்கிற கண்ணாடிக் குழாயை, அதுதான் பிப்பெட்டை, வாயில் வைத்து உறிஞ்சும்போது கிருமித் தண்ணீரை விழுங்கித் தொலைத்திருக்கிறார். வழக்கப்படி அபராதமாக எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்திருக்கிறார்.

"வாரும், உமக்கும் ஒரு துண்டு வைத்திருக்கிறோம்" என்று வாழை இலையோடு நீட்டினார்கள். மரியாதையாக வாங்கிக்கொண்டேன். உடைந்த குழாய்களைப் போட்டுவைக்கும் லைசால் ஜாடிக்குள் அதைப் போட்டேன்.

"போச்சு, ஐயருக்கு மறுபடியும் வந்துவிட்டது" என்றார் ஒருவர்.

வந்தது கோபம். அது எப்போது போயிற்று, மறுபடியும் வருவதற்கு? அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கல்லறைக்குத் தபால்காரர் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். போனால் மட்டும் நீர் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்கப்போகிறீரா?

நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? மயிலாப்பூரில், வெங்காயம்கூட நல்ல நாள் பார்த்து நுழைகிற வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவன் நான். கிருமிகளுக்கு ஆகாரமாக மாட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்த அண்டாவுக்கு முன்னால், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். நீர் கரண்டியை என் கையில் கொடுத்தீர். "கிண்டும் ஐயரே. ரசஞ்சாதம் போட்டா அதுங்க வளராது. அதுங்க நம்ம சாதி" என்றீர். சாந்தோம் மாதா கோயில் தெருக்காரரான உமக்கும், குளத்தங்கரைக்காரனான எனக்கும் அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி கொல்லைப்புறமாக வரச்சொல்லித் தலையில் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் காபி தருவாள். ஆபீஸில் என்ன கொதிக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்கிற பயம்.

பிப்பெட்டால் அளப்பதில் உமக்கு நிகரானவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. நாமெல்லாம் அளவுக்கோட்டைத் தாண்டி உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். நீர் பேச்சுக்கு நடுவிலேயே உறிஞ்சி, நாக்கு நுனியால் சரியாகக் கோட்டில் நிறுத்துவீர். ஷர்பத் கடையில் நிற்கிற மாதிரி இருக்கும் பார்ப்பதற்கு. ஷர்பத் இல்லை, ஐயா. காலராவும் டைபாயிடும். வெளியில் சொன்னால் ஜனங்கள் நம்பமாட்டார்கள்: படித்த மனிதர்கள், கோட்டுப் போட்டவர்கள், ஊரைக் கொல்லுகிற கிருமியை வாயால் உறிஞ்சி எடுக்கிறார்கள் என்று. எவராவது விழுங்கிவிட்டால் மறுநாள் அல்வா. பயத்தைக் காட்டக் கூடாது என்பதற்காக நாமே செய்துகொண்ட ஏற்பாடு. அல்வா தின்றால் ஆயிற்று, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

உம் பிப்பெட்டின் நுனி மூளி. உம்முடையது மட்டுமா, பாதிக்குமேல் மூளிதான். அப்படிப்பட்ட குழாயின் நுனி தண்ணீரை விட்டுக் கொஞ்சம் மேலே வந்தாலும் போதும். காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே இருப்பதெல்லாம் வாய்க்குத் தாவிவிடும். புதிதாக வேண்டும் என்று டைரக்டரிடம் நீர் எத்தனை தரம் கேட்டிருப்பீர்!

"சண்டைக் காலம், மிஸ்டர். சீமையிலிருந்து கண்ணாடி வராது" என்றார் அவர். அதே மாதம் அவருடைய அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ வந்து இறங்கிற்று. சரி, வாயால் உறிஞ்சாமல் இருக்க ஆளுக்கொரு ரப்பர் குமிழாவது கொடுங்கள் என்றீர். "ரப்பரெல்லாம் ராணுவத்துக்கு" என்றார். அவருடைய மோட்டாரின் சக்கரங்கள் ராணுவத்தில் சேர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அன்றைக்கு நான் உமக்கு எதிர் மேஜையில் இருந்தேன். நீர் பாதிப் பேச்சில் நின்றுபோனீர். நீர் நிற்கிறவர் இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது, கண் என்னையே பார்த்தது. துப்பினீர். பர்மாங்கனேட் தண்ணீரில் வாய் கொப்பளித்து, பல்லெல்லாம் ஊதாவாகத் திரும்பி வந்து சிரித்தீர்.

"பாதி உள்ள போயிடுச்சு ஐயரே. நாளைக்கு அல்வா."

"என்ன கிருமி?"

"டைபாயிடுதான். ஊசி போட்ட உடம்பு. ஒண்ணும் பண்ணாது."

"ஆபீஸில் எழுதிக் கொடும்."

"எழுதிக் குடுத்தா, இந்தாளுக்குக் கைப்பழக்கம் போதாதுன்னு டைரக்டர் சொல்லுவார். எதுக்கு வம்பு?"

உம் மேலும் எனக்குக் கோபம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம் நீர்.

மறுநாள் அல்வா வந்தது. சர்க்கரைக்கு ரேஷன் வரிசையில் நிற்கிற காலத்தில், லஸ் முனையில் எந்தக் கடைக்காரரைக் கெஞ்சினீரோ, நெய் வழிய வழிய வந்தது. அறை முழுக்க ஆட்கள் கூடித் தின்றோம். டைரக்டர் வாசனை பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். "யார் குடித்தது?" என்று கேட்டார். நீர் கையைத் தூக்கினீர். அவர் இரண்டு துண்டு தின்றார். விரலை நக்கிக்கொண்டே, "டைபாயிடுதான் இவரைக் கண்டு பயப்படும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தோம். மேலதிகாரி ஹாஸ்யம் சொன்னால் சிரிப்பது நம் உத்தியோகத்தில் ஒரு பகுதி.

அப்புறம் உமக்குக் காய்ச்சல் வந்தது. நாளுக்கு ஒரு படியாக ஏறுகிற அந்தக் காய்ச்சலைப் பற்றி நீரே பத்துப் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறீர். உம்மைப் பார்க்க வந்தபோது நாக்கை நீட்டிக் கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தீர். "புஸ்தகத்துல போட்ட மாதிரியே கீது ஐயரே" என்றீர். அதில்கூட ஒரு தொழில் சந்தோஷம்! ரத்தம் எடுக்கச் சொன்னீர், எடுத்தேன். நம் அறையிலேயே வளர்த்துப் பார்த்தேன். வளர்ந்தது. நாம் வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்த அதே சாதிப் பிராணி, உம் ரத்தத்திலிருந்து எழுந்து வந்து என்னைப் பார்த்தது. அதற்கு அப்போது மருந்து கிடையாது. கஞ்சி, ஈரத்துணி, உம் அம்மாவின் ஜெபமாலை, அவ்வளவுதான்.

உம்மைப் புதைத்த வாரம் ஆபீஸில் அனுதாபக் கூட்டம். டைரக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார். "நண்பர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரே காரணம் என்று தெரிகிறது. கிருமியைப் பற்றி இவ்வளவு அறிந்தவர் வீட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்க ஆளில்லாமல் போனது வருந்தத்தக்கது."

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒருவர் மின்விசிறியை ஆராய்ந்தார். ஒருவர் தம் செருப்பை முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். அல்வா தின்ற வாய் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

நான் பெரிய வீரன் இல்லை. இருந்தாலும் எழுந்துவிட்டேன். "சார், அல்வா எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"என்ன?"

"இவர் வாங்கிவந்த அல்வா. நீங்கள் இரண்டு துண்டு சாப்பிட்டீர்கள். எதற்காக வாங்கிவந்தார் என்று சொல்லுங்கள்."

"துக்கத்தில் உமக்குப் புத்தி தடுமாறுகிறது. உட்காரும்."

அப்புறம் உம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துவந்து, முறைப்படி சோதித்துப் பார்த்தேன். சுத்தமான தண்ணீர். அதை அவரிடம் கொண்டுபோனேன். "உம்மை யார் சோதிக்கச் சொன்னது?" என்று கேட்டாரே தவிர, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அடுத்த வாரமே என்னை மிருகக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். இப்போது நான் முயல்களுக்கும் கினிப்பன்றிகளுக்கும் ராஜா. உத்தமமான பிரஜைகள். புல்லைத் தின்றுவிட்டுத் தின்னவில்லை என்று சொல்வதில்லை.

இதோடு நின்றிருந்தால் ஆபீஸ் அயோக்கியத்தனம் என்று விட்டிருப்பேன். டைரக்டர் சொன்னதை நம்பி நகரசபை ஆட்கள் உம் தெருவுக்கு வந்து, பட்டப்பகலில் உம் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். பக்கத்து வீட்டார் தண்ணீர் எடுக்க வருவது நின்றது. உம் மனைவி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவர். அவரைப் பார்த்து டீச்சரம்மாக்கள் குசுகுசுவென்று பேசினார்கள். எல்லாவற்றையும்விட, உம் அம்மா. மருமகளை ஒரு வார்த்தை வையவில்லை. தம்முடைய பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்த் தாமே தண்ணீர் பிடித்துவந்து குடிக்க ஆரம்பித்தார். மருமகள் கையால் வாங்குவதில்லை.

"அவரு சொல்லிக்குடுத்த மாதிரிதான் அண்ணே காய்ச்சினேன்" என்றார் உம் மனைவி. "தளதளன்னு கொதிக்கிற வரைக்கும் அடுப்ப விட்டு நகர மாட்டேன். அத்தையே பாத்திருக்காங்க. இப்ப நான் குடுத்தா தொட மாட்டேங்கிறாங்க. உங்க ஆபீஸ்ல ஏன் அண்ணே இப்படிச் சொன்னாங்க?"

எப்போதும் வாய் ஓயாதவன் நான். திரும்பி வரும்போது ஒன்று தோன்றிற்று: எனக்கு உருப்படியாகத் தெரிந்த வித்தை வம்பு பேசுவது ஒன்றுதானே, அதை ஏன் சும்மா வைத்திருக்க வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தெரு முழுக்கத் திரும்புகிற நேரமாகப் பார்த்து உம் கிணற்றடிக்குப் போனேன். நானே இறைத்து, எல்லோரும் பார்க்கக் குடித்தேன். காய்ச்சாத தண்ணீரைக் குடிப்பது நம் தொழிலில் மகாபாவம். சோதித்த தைரியம்தான்.

"இன்னா சாமி, உங்க வூட்ல தண்ணி இல்லியா?" என்றார் பக்கத்து வீட்டம்மாள்.

"இருக்கிறதம்மா. இவ்வளவு ருசி இல்லை."

"செத்தவரு குடிச்ச தண்ணி, சாமி!"

"அவரைத் தண்ணீர் கொல்லவில்லையம்மா. எங்கள் ஆபீஸ்தான் கொன்றது" என்று ஆரம்பித்துக் கதை முழுக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும் போனேன். நடுவிலே நாவிதர், காய்கறிக்காரி, பால்காரர், கபாலி கோயில் பிரதட்சிணத்தில் பக்கத்தில் வந்தவர் எவரையும் விடவில்லை. என் மனைவி ஒருநாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கிறிஸ்தவா ஆத்துக் கிணத்துல தண்ணி குடிச்சேளாமே? மாட வீதி பூரா இதே பேச்சா இருக்கு!"

"பேச்சைக் கிளப்பினதே நான்தான்டீ" என்றேன். கொல்லைப்புறமாக வரச்சொன்னாள். வந்தேன்.

உம் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் வாசற்படியில் நின்று பார்ப்பார். ஒருநாள் நான் குடித்து முடித்ததும் கிட்டே வந்தார்.

"ஐயரே, நெசமாவே அந்தக் கண்ணாடிக் குழாயிலதான் வந்துதா?"

"ஆமாம்மா. நான் எதிரில் இருந்தேன்."

"உங்க பெரியவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவரு எங்க கீறாரு?"

"அடையாற்றில் பங்களா."

தாமே வாளியை விட்டு இறைத்து, அந்தப் பித்தளைச் செம்பை நிரப்பி என் கையில் கொடுத்தார். "தூக்கினு வா" என்றார்.

பஸ்ஸில் செம்பை மடியில் வைத்துக்கொண்டு, பாதித் தண்ணீர் வேஷ்டியில் சிந்த உட்கார்ந்திருந்தேன். "இன்னா சாமி, கங்கையா?" என்றார் கண்டக்டர். "சாந்தோம்" என்றேன்.

டைரக்டர் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். உம் அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றார். அந்த மட்டும் மரியாதை தெரிந்தவர்தான்.

"என் புள்ள குடிச்ச தண்ணி இது. குடிங்க" என்றார் உம் அம்மா.

"அம்மா, உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது..."

"துக்கத்த நான் பாத்துக்கறேன். நீ தண்ணியக் குடி."

அவர் என்னைப் பார்த்தார், தோட்டக்காரரைப் பார்த்தார், செம்பை மட்டும் பார்க்கவில்லை. குடித்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றாகிவிடும். வேண்டாம் என்றால் ஒரு கிழவிக்கு முன்னால் பயந்ததாகிவிடும். அப்படியே நின்றார். உம் அம்மா செம்பை என் கையிலிருந்து பிடுங்கி அண்ணாந்தார். இத்தனை நாள் தொடாத தண்ணீர். புடவையில் வழிய வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"பாத்துக்க. நாளைக்கும் உசுரோடதான் இருப்பேன். வந்து எட்டிப் பாரு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏ பொண்ணு, தண்ணி குடு" என்றார். உம் மனைவி விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டம்மாளின் குடம் கிணற்றடிக்குத் திரும்பி வந்தது.

ஆபீஸில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. சண்டை முடிந்துவிட்டது, சாக்கு முடியவில்லை. பிப்பெட்டுகள் இன்னும் மூளி. அங்கே கேட்டால் நீர் இன்றைக்கும் கிணற்றுத் தண்ணீர் குடித்துத்தான் செத்தீர்.

அடையாற்றிலிருந்து திரும்பிய அவசரத்தில் செம்பு என்னோடு வந்துவிட்டது. புளி போட்டுத் துலக்கித் திருப்பிக் கொடுக்கப் போனேன். உம் அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"வெச்சுக்க ஐயரே" என்றார். "அந்தாளு இன்னும் குடிக்கலையே."