முதல் எழுத்தை விழுங்கிய ரேடியோ

சரவணம்பட்டி,
வெள்ளிக்கிழமை காலை.

என் அன்புக் கண்ணு உதய்க்கு,

அம்மா எழுதுகிறேன். நீ இருக்கும் மலையில் போன் எடுக்காது, கடிதம் மட்டும்தான் வரும் என்றாய். ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் என்றால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நடுவில் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கும் என் வணக்கம். இதில் ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லைங்க, என் முட்டாள்தனம் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் கம்பெனி ராணுவத்துக்காகச் செய்த கைரேடியோ உனக்குத் தெரியும். பேசுவதை யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டி அனுப்பும் செட். ஐந்து வருஷ உழைப்பு. 'எல்லாம் சரி' என்று சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் நான். டிசம்பரில் ராஜஸ்தானில் ராணுவம் அதை வாங்கலாமா என்று சோதித்தது. நல்லபடியாக முடிந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது பொய், கண்ணு.

நடந்தது இதுதான். ஒரு வண்டி உடைந்த பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி செட்டில் 'ருகோ' என்றார். இந்தியில் 'நில்' என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா. டிரைவர் காதில் விழுந்தது வெறும் 'கோ'. போகச் சொல்கிறார்கள் என்று அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார். முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்க, வண்டி விளிம்பில் மாட்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை. அவருக்கு இருபத்து மூன்று வயதாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

செட்டுகள் திரும்பி வந்தன. அறுபது நாளில் சரிசெய்யாவிட்டால் கொள்முதலிலிருந்து எங்களை நீக்கிவிடுவார்கள். முதலாளி என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கொடுமை என்னவென்றால், இங்கே அந்தக் கோளாறு வரவே இல்லை. மொட்டை மாடியிலிருந்து பேசினோம். பெருந்துறை ரோட்டில் இரண்டு வண்டிகளில் முன்னும் பின்னுமாகப் போய்ப் பேசினோம். ஆயிரம் தடவைக்கு மேல் இருக்கும், எல்லாம் தெளிவாகக் கேட்டது. செட்டை வடிவமைத்த மனோஜ்குமார் பாலைவன மணல்மீது பழி போட்டான். என்னோடு பதினைந்து வருஷமாக டெஸ்டிங்கில் இருக்கும் யூனுஸ், அந்த டிரைவர் காதைத்தான் டெஸ்ட் பண்ணோணும் என்றார். நானும் அப்படியே நம்பிவிட ஆசைப்பட்டேன்.

நாற்பத்தோராம் நாள். மாடியில் நின்ற யூனுஸ், வேறு ஏதாவது பேசச் சொன்னாலும் கேட்காமல், 'ஏனுங்க மேடம், சத்தம் கேக்குதுங்களா' என்பதையே ஓதிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பொத்தானை அழுத்தி, 'நிறுத்து' என்று கத்திவிட்டேன். தெருநாயைக்கூட 'போங்க' என்று விரட்டுகிறவள் என்று உன் அப்பா கேலி செய்வாரே, அதே நான்தான். மறுமுனையிலிருந்து அவர் பணிவாகக் கேட்டார்:

"ஏனுங்க மேடம், 'றுத்து'ன்னா என்னங்க?"

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பொத்தானை அழுத்தியதும் இரண்டு செட்டுகளும் தங்கள் ரகசியப் பூட்டைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு கணம் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணத்தில் பேசியது காற்றோடு போய்விடுகிறது. ஆனால் இந்த ஊரில் 'ஏனுங்க' போடாமல் யார் வாயைத் திறக்கிறோம்? பிறந்த வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த எனக்கே அது ஒட்டிக்கொண்டுவிட்டது. இத்தனை நாளும் செட் விழுங்கியது எங்கள் 'ஏனு'வைத்தான். வெறும் 'ங்க' வந்தாலும் மிச்சத்தை எங்கள் காது தானாகவே போட்டுக்கொண்டது. கொஞ்சம் மரியாதை குறைந்த ஆள் ஒருவரை வேலைக்கு வைத்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்.

நோய் தெரிந்த பிறகு மருந்துக்கு அதிக நாள் ஆகவில்லை. இப்போது பூட்டு சேரும்வரை பேச்சைச் செட் தன்னிடமே பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு முழுசாக அனுப்புகிறது. போன செவ்வாய்க்கிழமை அதே பாலத்தில் மறுசோதனை. அதே டிரைவர் தானே கேட்டு வாங்கி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாராம். நாற்பது தடவை 'ருகோ' என்றார்கள், நாற்பது தடவையும் வண்டி நின்றது. மனோஜ்குமார் அங்கிருந்து போன் செய்து, பாஸ் ஆயிட்டமுங்க என்றான். நான் ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அப்பா ஆர்.எஸ்.புரம் போய் மைசூர்பா வாங்கி வந்து, இனிமேல் வாரம் ஒரு முறை யாரையாவது திட்டிப்போடு, ஊருக்கு நல்லது என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

புது அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது உன்னை நினைத்துத்தான் போட்டேன். அந்தச் செட் ஒருநாள் உன் கைக்கும் வரலாம். பயமில்லாமல் பேசு, சொன்னது சொன்னபடி போய்ச் சேரும்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் கோயம்புத்தூர் ஜங்ஷனில் நீ ரயில் ஏறும்போது 'போயிட்டு வா' என்றுதான் சொல்ல வந்தேன். வாய் 'போ' என்பதோடு நின்றுவிட்டது. நீ சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாய். பெற்றவள் வாயால் வெறும் 'போ' என்று சொல்லி அனுப்பிவிட்டேனே என்று ஆறு மாதமாக மனசு அடித்துக்கொள்கிறது. அன்று வராமல் நின்ற மீதியை இதில் எழுதுகிறேன், கண்ணு.

வா.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ராமாமணி