தங்கைக்குச் செய்த கீபோர்டு

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

போன ஞாயிறு மதியம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சரியாக நான்கு பேர். நான், நீ, உன் அத்தான், கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டுத் தையல்காரம்மா. இல்லாததைச் சொல்கிறேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதே, அதற்காகத்தான் சாட்சியோடு எழுதுகிறேன்.

உன் அத்தான் அளவுக்கருவியை எடுத்து உன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக அளந்தார். நீளம், அகலம், நுனி. "இது தெரியுதா? இது தெரியுதா?" என்று மெல்லிய குரலில் கேட்கிறார். நீ தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறாய். தையல்காரம்மா சும்மா இருப்பாளா? "மச்சினி கைக்கே இவ்வளவு அளவுன்னா, பொண்டாட்டி கைக்கு எத்தனை அளவு எடுத்திருப்பாரோ!" என்றாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எடுத்ததே இல்லை என்று எப்படிச் சொல்வது?

லிஃப்ட் ரிப்பேர் வேலை முடித்து வந்ததும் அவர் உனக்காகச் செய்கிற டைப்பிங் கீபோர்டில் உட்கார்ந்துவிடுகிறார். இடக்கைக்குப் பாதி, வலக்கைக்குப் பாதி என்று இரண்டாகப் பிளந்தது, ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒன்றாக மொத்தம் முப்பத்தாறு சுவிட்ச். நேற்று வரை உனக்காக உட்கார்ந்தது பத்தொன்பது மணி நேரம். என் அடுப்பு பற்றவில்லை என்றபோது கொடுத்தது பன்னிரண்டு நிமிடம். எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தபாலில் போடுகிறோம். நானே பெட்டி கட்டுகிறேன். உனக்காகத் தினமும் பிரார்த்திக்கிறேன், அதில் குறை வைக்கவில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி நேற்று வந்தது. மூன்று சுற்றுத் துணி, நான்கு சுற்று அட்டை. நீ கட்டியது என்று பார்த்ததுமே தெரிந்தது. பிரிக்க அரை மணி நேரம் ஆனது.

ஆனால் அக்கா, இதில் சத்தமே இல்லை. ஒவ்வொரு விசையும் 'டிக்'கென்று சொல்லும் என்றார் அத்தான். அழுத்தினால் பஞ்சை அழுத்தினாற்போல் உள்ளே போகிறது. எழுத்து விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் திரும்பத் திரும்ப அடிக்கிறேன். 'மாத்திரை' என்பது 'மாாத்த்திரை' என்று நிற்கிறது. டாக்டர்கள் சொல்லச் சொல்ல அடிக்கிற எனக்கு இது சரிப்படுமா?

போனில் அத்தானிடம் கேட்டேன். "ஒவ்வொண்ணையும் காதுல வச்சுக் கேட்டுத்தானேம்மா போட்டேன்" என்று ஆடிப்போய்விட்டார். இருபத்தெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் எங்களுக்கு டைப்பிங் சோதனை. பழைய கீபோர்டில் என்னால் முடியாது. அவர் வந்து பார்க்கிறேன் என்றார். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பி வை, அக்கா.

அளவெடுத்ததைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாயே, நீயும் கையை நீட்டியிருக்க வேண்டியதுதானே? கேலிக்குச் சொன்னேன், கோபப்படாதே.

உன்,
தங்கை


மார்ச் 18

அன்புள்ள தங்கைக்கு,

கேலி எனக்கும் புரியும்.

உன் அத்தான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். புதுச் செருப்பு கூட நாலு நாள் கடிக்கும், கீபோர்டும் பழகப் பழகச் சரியாகும். ஒரு நாள் பஸ் பயணம் போய், நீ தனியாக இருக்கிற வீட்டில் உட்கார்ந்து அவர் என்ன செய்யப் போகிறார்? நாலு பேர் பார்த்தால் நன்றாகவா இருக்கும்?

சத்தம் எதற்கு உனக்கு? ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தூங்க வேண்டாமா? சத்தமில்லாத கீபோர்டுக்காக எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் தெரியுமா? கீபோர்டு செய்கிற அவர் கூட்டாளிகள் இங்கே வந்து பேசுவதெல்லாம் என் காதில் விழுகிறது. அவரவர் சுவிட்சைக் கழற்றி, பொட்டுப் பொட்டாகக் கிரீஸ் தடவி, வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது என்று துள்ளுகிறார்கள்.

அவர் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. மட்டமான சுவிட்சை வாங்கிவிட்டேன், அவளை ஏமாற்றிவிட்டேன் என்று புலம்புகிறார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று கூடச் சொல்வதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

சோதனைக்கு வாழ்த்துகள். கடவுள் பார்த்துக்கொள்வார்.

அக்கா


ஏப்ரல் 1

அக்காவுக்கு,

சோதனையில் தேறவில்லை. என்னைக் கோப்பு அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இருபதாம் தேதி இன்னொரு வாய்ப்பு. அதிலும் போனால் வேலையே கிடையாது என்று மேலாளரம்மா சொல்லிவிட்டார்.

இனி மறைத்து என்ன? ஆறு மாதமாக என் விரல் நுனிகள் மரத்துப் போய்க்கொண்டிருக்கின்றன. நரம்புக் கோளாறு. விசை தொடுவது தெரியாது, அழுந்தியது தெரியாது. அன்று உன் வீட்டில் கொதிக்கிற டம்ளரை நான் கையை உதறாமல் எடுத்தேன். நீ பேசிக்கொண்டிருந்தாய், அத்தான் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த அளவுக்கருவி. அவர் அளந்தது விரலை இல்லை, அக்கா. எந்த விரலில் எவ்வளவு உணர்ச்சி மிச்சம் என்று தொட்டுத் தொட்டுக் கேட்டார். "இது தெரியுதா?" நான் தலையாட்டியதில் பாதி பொய். அழாமல் இருக்கத்தான் சிரித்தேன்.

விரலுக்குத் தெரியாததைக் காது சொல்லட்டும் என்றுதான் அந்த 'டிக்'. நான்தான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னால் நீ நாற்பது நாள் உபவாசம் இருப்பாய், தெரு முழுக்க எனக்காகப் பிரார்த்திக்கச் சொல்வாய், அந்தப் பேச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிடும் என்று பயந்தேன்.

அத்தான் மேல் எனக்கு வருத்தமில்லை என்று சொல். கீபோர்டைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டேன்.

தங்கை


ஏப்ரல் 6

என் கண்ணு,

உன் கடிதத்தை முந்தாநாள் நின்றுகொண்டே படித்தேன். பிறகு பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன், பாதியிலேயே எழுந்துவிட்டேன். இன்றைக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சுவிட்ச் மட்டமில்லை. உன் அத்தான் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. பெட்டி கட்டிய அன்று அவர் வேலைக்குப் போனதும் நான் ஒரு விசையைத் தட்டிப் பார்த்தேன். 'டிக்' என்றது. இன்னொன்று, அதுவும் 'டிக்'. உனக்கென்று அவர் சலங்கை கட்டி அனுப்புகிற மாதிரி என் காதில் விழுந்தது. முப்பத்தாறையும் இடுக்கியால் பிடுங்கினேன். ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே கிரீஸ் தடவி மூடினேன். மெத்தென்று போகிற சுவிட்சுக்குத்தான் கிரீஸ், சத்தம் போடுகிற சுவிட்சுக்குத் தடவினால் தொண்டை அடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவர் மேசையைத் துடைத்துத் துடைத்தே கற்றுக்கொண்டவள் நான். தெரியாமல் செய்தேன் என்று எழுத எனக்கு வழியில்லை.

அவர் உன்னைப் பார்க்க வருகிறேன் என்றபோது தடுத்ததும், கண்டுபிடித்துவிடுவார் என்ற பயத்தில் பாதி. மீதிப் பாதி என்னவென்று உனக்கே தெரியும்.

முந்தாநாளே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "என் மேல கோபம்னா என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே. அவ விரல் என்ன பண்ணுச்சு?" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

புது சுவிட்ச் முப்பத்தாறு வாங்கி, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டுத் தனியாக வைத்திருக்கிறார். பார்சலில் போட்டால் ஆறு நாள் ஆகும். வந்தாலும் நீயே மாட்டக் கூடாது. அடியில் இரண்டு மெல்லிய கம்பிகள் உண்டு, நேராகப் போகிறதா என்று விரலுக்குத் தெரிய வேண்டும். மடங்கிப் போனால் பலகையே கெட்டுவிடும். எங்களில் ஒருவர் வந்துதான் மாட்ட வேண்டும்.

எனக்கு மாட்டத் தெரியும். என்னை வீட்டுக்குள் விட உனக்கு மனசில்லை என்றால் எனக்குப் புரியும். வாசலிலேயே உட்கார்ந்து மாட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். என் கை அதில் இன்னொரு தடவை படவே வேண்டாம் என்றால், உன் அத்தானை அனுப்புகிறேன். தனியாகவே அனுப்புகிறேன். வேலை முடியும் வரை அவர் அங்கேயே தங்கி, நீ அடித்துப் பழகுகிறவரை பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். எத்தனை நாள் என்று நான் கேட்க மாட்டேன்.

இப்படி எழுதும்போது கூட எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் இனி மறைக்க மாட்டேன். எரிந்தாலும் அனுப்புகிறேன்.

நான் வரட்டுமா, அவர் வரட்டுமா? இருபதாம் தேதிக்கு அதிக நாள் இல்லை. சீக்கிரம் ஒரு வரி பதில் போடு.

அக்கா