பதினொன்றாம் அத்தியாயத்தை வெட்டாதே

அன்பு மகள் ஜெப்சிக்கு, அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன், அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமை அங்கே விமானம் ஏறும் பக்கத்து வீட்டுப் பையன் பெனின் கையில் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, மழை விடாததால் பத்து நாளாக ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, வீட்டிலேயே உட்கார்ந்து என்னை வேலை ஏவிக்கொண்டிருக்கிறார்.

நம் பள்ளி நேசபாய் டீச்சருக்கு நீ அனுப்பிய செய்தியை அவர்கள் எனக்குக் காட்டினார்கள். அம்மா வேலைக்கு ஆபத்து என்றால் பதினொன்றாம் அத்தியாயத்தை அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். யாரைக் கேட்டு எழுதினாய்? பள்ளி ஆண்டு விழாவில் பரிசாகக் கொடுக்க உன்கூடப் படித்தவர்கள் வாங்கித் தந்த உன் நாவலின் நாற்பது பிரதிகளையும் தாளாளர் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியது உனக்குத் தெரியும். மகள் சார்பில் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடு என்று என்னைக் கேட்டதும் தெரியும். நான் போடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் மைக்கைப் பிடித்து, "ஒற்றர் பள்ளியாம், நீராவி எந்திரமாம். அதுல படிக்கிற பெண்ணு, உத்தரவு குடுத்த வாத்தியாரையே ஏமாத்துகா. இதையா பிள்ளைகளுக்குப் பரிசாக் குடுக்கது?" என்றார். இங்கே யார் இதைப் படித்தீர்கள் என்று நான் எழுந்து கேட்டேன், ஒரு கையும் உயரவில்லை. இந்தப் பள்ளி நூலகத்தில் பதினெட்டு வருடம் புத்தகம் அடுக்கியவள் நான், அந்த அத்தியாயத்தை வாசிக்காமல் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் பையிலிருந்த பிரதியை எடுத்தேன். வட்டக்கோட்டைக்குள் ரகசியமாக நடக்கும் உன் கதையின் ஒற்றர் பள்ளியில், மாணவி அன்னம்மையை அவள் சொந்தக் கடற்கரை ஊரையே வேவு பார்த்து வர வாத்தியார் அனுப்புகிறாரே, அவள் பொய்த் தகவல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொதிகலனைத் திறந்து, நீராவி மறைவில் எல்லாப் பெண்களையும் வெளியே கொண்டுவருகிறாளே, அதை முதல் வரியிலிருந்து வாசித்தேன். மைக்கை அணைத்தார்கள். பின்னாலிருந்து மீன் விற்கும் ஷீஜா, "பெலமா வாசி அக்கா, எங்களுக்குக் கேக்கணும்" என்று கத்தினாள். தொண்டை கிழிய வாசித்து முடித்தேன்.

தாளாளர் என் பக்கம் வந்து, "பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் படிச்சுக் குடுக்கிய" என்றார். "அன்னம்மை தன் ஊரைக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு நின்னவ சார். அது பொய்யின்னா, அப்படி ஒரு பொய்யை என் மக எழுதினது எனக்குப் பெருமைதான்" என்றேன். அதற்குள் ஷீஜாவும் வேறு நாலைந்து தாய்மாரும் ஸ்டோர் ரூம் வாசலில் போய் நின்றுகொண்டார்கள், புத்தகம் கையில் வராமல் நகர மாட்டோம் என்று. கடைசியில் நேசபாய் டீச்சர்தான் சாவி கொண்டுவந்தார்கள். நாற்பது பிரதியும் தாய்மார் கைக்குப் போய்விட்டன.

திங்கட்கிழமை முதல் நான் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதை வேறு யாராவது உன்னிடம் அழுகைக் கதையாகச் சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன். புதுக்கடை ஜங்ஷனில் இசபெல் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் தட்டச்சு செய்யப் போய்வருகிறேன், முதல் நாளே ஒரு பத்திரத்தில் பதினாறு பிழை பிடித்தேன். எனக்காக இரக்கப்பட்டு ஒரு வரியை வெட்டினாலும் நான் உன்னோடு பேச மாட்டேன், கேட்டியா.

நேரத்துக்கு உறங்கு. வெயிலில் அலையாதே. கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காப்பாராக. ஒன்று மறக்காதே: எட்டாம் வகுப்பு ஸ்மைலின் நேற்றுக் கடைக்கே வந்து, கொதிகலனில் அத்தனை அழுத்தம் ஏறினால் அது வெடிக்காதா, அன்னம்மை எப்படிப் பிழைத்தாள் என்று என்னை மடக்கினாள். நீ அங்கே கொதிகலன் பக்கத்தில் வேலை பார்க்கிறவள், எனக்கு என்ன தெரியும்? பதிலை அவள் பேருக்கே எழுது. தாள் நிறையக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

என்றும் உன் அம்மா,
செல்லபாய்